பட்டனுக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவில்

மேசைக் கணினியின் முகப்பில் இருக்கும் பவர் பட்டன் 230 வோல்ட் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இரண்டு மெல்லிய கம்பிகளில் இருப்பது சில வோல்ட்தான். பட்டனை அழுத்தும் கணத்தில் அந்தக் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன, விரலை எடுத்ததும் பிரிகின்றன. ‘ஆன் செய்யவும்’ என்று ஒரு விண்ணப்பம் போடுவதோடு பட்டனின் கடமை முடிந்தது. அதை ஏற்பதா, தள்ளுபடி செய்வதா என்று தீர்மானிப்பவர்கள் உள்ளே வரிசையாக இருக்கிறார்கள்.

புது பிராசஸரோ கிராபிக்ஸ் கார்டோ ரேமோ போட்டுவிட்டு, ஆசையோடு பட்டனை அழுத்தி, பேச்சு மூச்சில்லாமல் கணினி நிற்கும்போது பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது ‘போர்டு போச்சு’ என்பதுதான். போயிருக்கலாம். ஆனால் நேற்றுவரை ஓடிய இயந்திரம் பாகம் மாற்றிய அன்றைக்கே மௌனமானால், அந்த வரிசையில் யாரோ ஒருவர் அனுமதி மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். யார் மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனால் பழுது தானாகப் பிடிபடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் வலப்புறத்தில், பின்பக்கத்தை ஒட்டி, சிவப்பாகப் பெரிய ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதைப் போட்டால் வீட்டு மின்சாரம் நேராக உள்ளே பாயும். மொத்த இயந்திரத்துக்கும் 63.5 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) போதுமானதாக இருந்தது. இன்றைக்கு நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு ஒன்றே அதைப்போல மூன்று மடங்கு இழுக்கிறது. பின்னால் அந்த ஸ்விட்ச் கேபினெட்டின் முகப்புக்கு இடம் மாறியபோது, 230 வோல்ட் ஓடும் தடித்த கேபிளும் கூடவே முன்பக்கம்வரை வந்தது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற தர விதியைக் கொண்டுவந்த பிறகுதான் இது மாறியது. விண்டோஸ் 95 வந்த புதிதில், ஷட்டவுன் கொடுத்ததும் ‘இனி நீங்கள் அணைத்துக்கொள்ளலாம்’ என்ற பொருளில் ஆரஞ்சு நிற எழுத்துகள் திரையில் வந்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அக்காலத்து எஸ்எம்பிஎஸ்ஸைச் சாப்ட்வேரால் அணைக்க முடியாது, அதனால்தான் அந்தக் கெஞ்சல். ஏடிஎக்ஸ் அந்த அதிகாரத்தை மதர்போர்டிடம் கொடுத்தது.

தூங்காத 5 வோல்ட்

பிளக்கைச் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சைப் போட்ட உடனேயே கணினி பாதி விழித்துக்கொள்கிறது. பட்டனை யாரும் தொட வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு தனிச் சுற்று, ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் என்று பெயர். பட்டனைக் கவனித்துக்கொண்டிருக்கும் சிப் உயிரோடு இருப்பது இதனால்தான். போர்டில் ஓரமாக எரியும் குட்டி எல்இடி விளக்கும் பல போர்டுகளில் இதன் தயவில்தான் எரிகிறது.

பட்டனை அழுத்தியதும் அந்தக் காவல் சிப் சிப்செட்டிடம் கேட்கும். சிப்செட் சரி என்றால், 24 பின் கனெக்டரில் வரும் பச்சைக் கம்பியை மதர்போர்டு கிரவுண்டோடு இணைக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுதான் உத்தரவு. உடனே 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் அது எழுப்பி, மூன்றும் ஏறக்குறைய 5 சதவீத விலகலுக்குள் நிற்கின்றனவா என்று தானே பார்த்துக்கொள்ளும். நின்றால், 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் நிறக் கம்பியில் ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று ஒரு சிக்னல் கொடுக்கும். அந்தச் சிக்னல் வரும்வரை பிராசஸர் கட்டிப்போடப்பட்டிருக்கும். ஒரு கட்டளையைக்கூட அது படிக்காது.

கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் மேம்படுத்திய கணினிகள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேயும், இதற்கு அடுத்த ஓரிரு நொடிகளிலும்தான்.

ஷட்டவுன் கொடுத்த கணினி அணைந்த கணினி அல்ல என்பதை இந்த 5 வோல்ட் சொல்கிறது. ஷட்டவுன் செய்துவிட்டு, பிளக்கைப் பிடுங்காமல் ரேமையோ கார்டையோ கழற்றி மாட்டுபவர்கள் மின்சாரம் ஓடும் போர்டில் கை வைக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து அந்தக் குட்டி விளக்கு மெல்ல மங்கி அணையும். அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். ஒரு விதிவிலக்கு: எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை எப்போதுமே திறக்கக் கூடாது. அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325-இலிருந்து 400 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும்.

கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று நினைத்துப் புதிதாக வாங்குபவர்களும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு சிறு கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். சுவர் சாக்கெட்டின் மூன்றாவது துளையில் எர்த் இல்லாவிட்டால், அவை இரண்டுக்கும் நடுப்புள்ளியான கேபினெட் தகடு 230-இல் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிதுதான், ஆனால் எச்சரிக்கை பெரியது. அங்கே தேவை ஓர் எலக்ட்ரீஷியன்.

மூன்று விதமான மௌனம்

‘ஆன் ஆகவில்லை’ என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே அசையாமல் இருப்பது ஒன்று. விசிறி கால் சுற்று சுற்றிவிட்டு, சட்டென்று அடங்குவது இன்னொன்று. எல்லாம் சுற்றுகிறது, எரிகிறது, ஆனால் டிஸ்ப்ளே இல்லை என்பது மூன்றாவது. சர்வீஸ் கடைக்குப் போன் செய்யும்போது எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் வகையில் சந்தேகப்பட வேண்டியது எளிமையான விஷயங்களையே. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் வேலைக்காக அணைக்கப்பட்டு அப்படியே விடப்பட்டிருக்கும். அல்லது முகப்புப் பட்டனின் இரண்டு பின் கனெக்டர், அரிசி அளவு எழுத்தில் பெயர் அச்சிட்ட அந்தக் கொத்தில், ஒரு வரிசை தள்ளிச் செருகப்பட்டிருக்கும். இதைச் சோதிக்க, போர்டின் கையேட்டைப் பார்த்து அந்த இரண்டு பின்களை அடையாளம் கண்டு, அந்தக் கனெக்டரை உருவிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் போதும். கணினி எழுந்தால் குற்றவாளி பட்டன். எழாவிட்டால் மல்டிமீட்டரை எடுத்து ஊதாக் கம்பியைப் பாருங்கள்: 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் காட்ட வேண்டும். இப்போது வரும் எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் கேபிள்கள் எல்லாமே கறுப்பு. அழகுக்காகச் செய்த இந்த மாற்றத்தால் ரிப்பேர்க்காரர்களுக்குத்தான் தொல்லை. நிறம் இல்லாவிட்டால் எண்ணிப் பாருங்கள்: ஸ்டாண்ட்பை 9-ஆம் பின், ‘மின்சாரம் சரி’ என்பது 8-ஆம் பின், உத்தரவு வாங்கும் பச்சைக் கம்பி 16-ஆம் பின்.

எஸ்எம்பிஎஸ்ஸை போர்டிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, பச்சைக் கம்பியையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியையும் ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மதர்போர்டு கொடுக்கும் அதே உத்தரவை நாமே கொடுப்பதுதான் இது. விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழக்கூடியது என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சுமை இல்லாதபோது ஒழுங்காக 12 வோல்ட் காட்டிவிட்டு, 300 வாட் கேட்டால் படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. சுமை குறைவாக இருக்கும்போது விசிறியையே நிறுத்தி வைக்கும் மாடல்களும் உண்டு. அவை இந்தச் சோதனையில் சும்மா இருப்பதைப் பார்த்துக் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

இரண்டாம் வகை, அதாவது கால் சுற்று சுற்றி அடங்குவது, பார்க்கப் பயமாக இருந்தாலும் அது எஸ்எம்பிஎஸ் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அது தன்னைப் பூட்டிக்கொள்கிறது. பூட்டிக்கொண்ட பிறகு எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் சில மாடல்கள் அசையாது. பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் விட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். ஷார்ட்டுக்குக் காரணம் பெரும்பாலும் போர்டுக்கு அடியில் இருக்கும். கேபினெட் தகட்டுக்கும் போர்டுக்கும் இடையே பித்தளைக் கால்கள் இருக்குமே, புது போர்டின் துளைகளோடு பொருந்தாத ஒரு பழைய கால் அங்கேயே விடப்பட்டிருந்தால், அது போர்டின் முதுகில் இருக்கும் ஈயப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வேலையின்போது நழுவி விழுந்து ‘எங்கோ போய்விட்டது’ என்று விட்டுவிட்ட ஸ்க்ரூவும் அங்கேதான் இருக்கும்.

இதே வகையில் இன்னொன்று, கொஞ்சம் விலை உயர்ந்த தவறு, கேபிளில் நடக்கிறது. பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கனெக்டரும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்றில் 12 வோல்ட் வரும் பக்கத்தில் மற்றொன்றில் கிரவுண்ட் இருக்கிறது. துளைகளின் வடிவம் வேறு என்பதால் எளிதில் மாறிச் செருக முடியாது, ஆனால் முழு பலத்தையும் காட்டி அழுத்துபவர்களை அந்தப் பிளாஸ்டிக்கால் தடுக்க முடிவதில்லை. நினைவில் வைக்க ஒரு வழி: நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு.

இதைவிட மோசமானது, கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக வாங்கிவிட்டு, ‘பழைய கேபிளே நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அதையே வைத்துக்கொள்வது. கேபிளின் போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் இஷ்டம், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வேறுபடலாம். கனெக்டர் மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். 5 வோல்ட் எதிர்பார்க்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் போனால் அதில் இருக்கும் போட்டோக்கள் எல்லாம் போகும். புது எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிள் மட்டுமே. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

விசிறி சுற்றுகிறது, ஆனால்

மூன்றாம் வகைதான் அதிகம் பேரைத் திணறடிப்பது. விசிறி சுற்றுகிறதே, அப்படியென்றால் போர்டும் பிராசஸரும் நலம்தானே என்று தோன்றும். விசிறிக்குத் தேவை 12 வோல்ட் மட்டும்தான். எஸ்எம்பிஎஸ் எழுந்ததும் அது கிடைத்துவிடும், பிராசஸரே இல்லாத போர்டிலும் விசிறி சுற்றக்கூடும். அதை உயிரின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நிஜமான உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். 2018-இல் வந்த பி450 சிப்செட் போர்டு. அதில் ரைசன் 5 1600 ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ரைசன் 7 5800எக்ஸ் வாங்கிப் போடுகிறோம். இரண்டுக்கும் சாக்கெட் ஏஎம்4, 1331 பின்களும் அச்சாக உட்கார்கின்றன. பட்டனை அழுத்தினால் விசிறி, விளக்கு எல்லாம் உண்டு, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’.

பிராசஸர் விழித்ததும் முதலில் தேடுவது, கணினியை எழுப்பும் தொடக்க நிரல் இருக்கும் பயாஸ் சிப்பை. இன்டெல் வழிவந்த பிராசஸர்களுக்கு, 386 காலத்திலிருந்தே, முதல் கட்டளை 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்க வேண்டும் என்பது மரபு. ரைசனில் அதற்கும் முன்னால் ஒரு நாடகம் நடக்கிறது. பெரிய கோர்கள் எழும் முன்பே, அதே சில்லுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஏஆர்எம் பிராசஸர் ஒன்று எழுந்து, பயாஸ் சிப்பில் தனக்கான நிரலைத் தேடி எடுத்து, ரேமைத் தயார்படுத்தி, பிறகுதான் பெரியவர்களை எழுப்பும். 2018-இல் எழுதிய பயாஸில் 2020 நவம்பரில் வெளியான பிராசஸருக்கான நிரல் எப்படி இருக்கும்? குட்டி பிராசஸர் தேடிப் பார்க்கிறது, தனக்கு உரியது எதுவும் இல்லை, அப்படியே நின்றுவிடுகிறது. பீப் ஒலிகூடக் கேட்காது, ஏனென்றால் ஒலி எழுப்பச் சொல்லும் நிரலும் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இதில் கொஞ்சம் அரசியலும் உண்டு. 2020 மே மாதம், பி450 அடங்கிய 400 வரிசைப் போர்டுகளில் அடுத்த தலைமுறை ரைசன் ஓடாது என்று அதைத் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்தது. பல போர்டுகளின் பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே, எல்லாத் தலைமுறைக்கும் இடம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். வாங்கியவர்கள் கொதித்தெழ, அதே மாதத்துக்குள் நிறுவனம் பின்வாங்கியது. சில தயாரிப்பாளர்கள் பழைய பிராசஸர்களின் நிரலை நீக்கி, புதியவற்றுக்கு இடம் பண்ணினார்கள். ஒரே பயாஸ் எல்லாருக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை அங்கே முடிந்தது. இன்டெல் பக்கமும் யோக்கியம் இல்லை: 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர், அதே 1151 தொடுபுள்ளிகள் கொண்ட முந்தைய 200 வரிசைப் போர்டில் உட்காரும், ஆனால் ஓடாது. அதைச் சரிசெய்ய இன்டெல் பயாஸ் அப்டேட் தரவும் இல்லை.

நம் பி450 போர்டுக்கு வழி உண்டு. பழைய பிராசஸரைத் திரும்பப் போட்டு, பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் புதியதை மாட்டலாம். சில போர்டுகளில் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும். அது தனிக் கட்டுப்பாட்டுச் சிப்பின் உதவியால், பிராசஸரோ ரேமோ இல்லாமலேயே, பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதிவிடும். இந்த வசதி அரிதாக இருந்த 2018-இல், ஏஎம்டியே ஒரு மலிவான பிராசஸரை வாடிக்கையாளருக்குக் கடனாக அனுப்பி, அப்டேட் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டதும் நடந்தது.

பழைய பிராசஸரைக் கழற்றும்போது ஒரு கவனம். ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. வருடக்கணக்கில் காய்ந்த பேஸ்ட் கூலரையும் பிராசஸரையும் கவ்விப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் சாக்கெட்டின் பூட்டையும் மீறி பிராசஸரும் கூடவே வந்துவிடும், பின்கள் வளையும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, கூலரை மெதுவாக இடமும் வலமுமாகத் திருகிப் பிரியுங்கள்.

டிஸ்ப்ளே வராததற்கு எப்போதும் இவ்வளவு ஆழமான காரணம் இருக்க வேண்டும் என்றில்லை. மேலே சொன்ன 5800எக்ஸில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் படம் வராது. கார்டில்தான் செருக வேண்டும். கார்டுக்கு வரும் தனி கேபிளும் முக்கியம். ஸ்லாட்டிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 75 வாட், 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. பிராசஸரின் 8 பின் கேபிளைச் செருக மறந்தாலும் இதே காட்சிதான்: விசிறி சுற்றும், வேறெதுவும் நடக்காது.

ரேம் பாதி உட்கார்ந்திருப்பது எல்லாவற்றிலும் அதிகம். இங்கே அழிரப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினால் டிஸ்ப்ளே வந்துவிடும் என்பது நம் சர்வீஸ் கடைகளின் நித்திய வைத்தியம். வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பட்டைகளில் இருப்பது தங்க முலாம், எளிதில் களிம்பு ஏறாது. கழற்றி அழுத்தி மாட்டும்போது தொடுபுள்ளிகள் உரசித் தூசியைத் தள்ளிவிடுவதாலேயே பெரும்பாலும் பலன் கிடைக்கிறது. ரப்பர் தேய்க்கத் தேய்க்க முலாம் குறையும், துகள்கள் ஸ்லாட்டில் விழும். இரண்டு முனையிலும் ‘டக்’கென்று கேட்கும்வரை அழுத்தினாலே போதும் என்பது என் கட்சி.

அப்புறம், பொறுமை. 2022-இல் வந்த ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டு முதன்முறை ஆன் செய்தால், ரேமின் ஒவ்வொரு தடத்துக்கும் நேரக் கணக்கைப் பொருத்திப் பார்க்க அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நிமிடங்களில் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

எழுந்த பிறகு விழுவது

சில கணினிகள் நன்றாக எழுந்து, விண்டோஸ் வந்து, கேம் திறந்த நொடியில் அணையும். புதிய கார்டுகள் ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை. போர்வெல் மோட்டார் போட்டதும் வீட்டு டியூப்லைட் ஒரு கணம் மங்குவதைப் போல, மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அவை தம் அளவைவிடப் பல மடங்கு கேட்கும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, உயர்திறன் கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் 100 மைக்ரோசெகண்டுக்குத் தன் அளவைப்போல இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று கேட்டது இதனால்தான். நம் ஊரில் இதற்கு முன்னால் இன்னொரு தடை: யூபிஎஸ். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பல மாடல்களில் தரக்கூடியது 360 வாட் மட்டுமே. கார்டை மாற்றியவர் யூபிஎஸ்ஸை மறந்துவிடுகிறார், அது ‘கீங்’ என்று கத்திவிட்டுக் கைவிடுகிறது. நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரியும்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளி நிறப் பையின் மேல் வேண்டாம், சில பைகளின் மேற்பரப்பில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கும். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும். எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், கணினியை நிறுத்திய பாகம் தானே அகப்படும். எழாவிட்டால் மிச்சம் இருக்கும் நாலைந்து பாகங்களுக்குள்தான் குற்றவாளி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி எழுந்துவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அடுத்த முறை பிராசஸர் வாங்கப் போகும் முன், உங்கள் போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பிராசஸருக்கு எதிரே எந்த பயாஸ் எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிராசஸர் இன்னும் சாக்கெட்டில் இருக்கும்போதே அந்த பயாஸை ஏற்றிவிடுங்கள். கால் மணி நேர வேலை, செலவு ஒன்றும் கிடையாது.